விண்வெளி நிலையத்தில் ஐவேளைத் தொழுகை

2025 ஜூன் 25ஆம் நாள், இந்திய நேரப்படி நண்பகல் 12 மணியளவில், குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா மூன்று தோழர்களுடன் பன்னாட்டு விண்வெளி நிலையம் நோக்கிப் புறப்பட்டார். அந்நிலையத்தை அடைந்த முதல் இந்தியர் அவரே. சங்கரன்கோவிலில் அது லுஹருக்குச் சற்று முந்திய நேரம். இந்தியர்களை விண்ணுக்கு அனுப்பவிருக்கும் ககன்யானின் இயந்திரங்கள் நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுவதால், இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. மாலைப் பாடத்தில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், அங்கே ஒரே நாளில் 16 முறை சூரியன் உதிக்கிறதாமே! அப்படியானால் 80 வேளை தொழ வேண்டுமா?" வகுப்பு சிரித்தது. எனினும், கேள்வி சிரிப்புக்குரியதன்று.

நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 நிமிடங்களே ஆகின்றன. ஆகவே 24 மணி நேரத்தில் உதயமும் அஸ்தமனமும் பதினாறு முறை நிகழ்கின்றன. சூரியனைக் கொண்டே தொழுகை நேரங்களை அறியும் நமக்கு இது பெருஞ்சிக்கலன்றோ?

இதற்கு நேர்மாறான சிக்கலை நம் ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சந்தித்தனர். வோல்கா நதிக்கரையிலிருந்த புல்கார் நாட்டில், கோடைக்கால இரவுகளில் அந்திச் செவ்வானம் மறையுமுன்பே வைகறை புலர்ந்துவிடும். இஷாவின் நேரமே வருவதில்லை. அங்கு வாழ்வோர்க்கு இஷா கடமையா? கடமையில்லை என்றார் ஹனஃபி அறிஞர் பக்காலீ. முழங்கைக்கு மேல் கை துண்டிக்கப்பட்டவர் உளூவில் அக்கையைக் கழுவ வேண்டியதில்லை என்பது அவர் காட்டிய ஒப்புமை. ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் இமாம் இப்னுல் ஹுமாம் இதனை மறுத்தார். உறுப்பு இல்லாமற்போவது வேறு. கடமையை அறிவிக்கும் அடையாளம் இல்லாமற்போவது வேறு. நேரம் அடையாளம் மட்டுமே. அது மறைந்தாலும் ஐவேளைக் கடமை நிலைத்திருக்கும் என்றார். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டுபோல் நீளும்போது தொழுகை நேரங்களைக் கணித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் அவருக்குச் சான்றாயிற்று.

புல்காரில் அடையாளம் குறைந்தது. விண்வெளியில் அது பெருகுகிறது. குறைவதால் கடமை குறையாதெனில், பெருகுவதால் அது பெருகவும் செய்யாது. இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளுக்கு ஐந்தே வேளை.

2007 அக்டோபரில், ரமளான் மாத இறுதியில், மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகோர் பைக்கானூரிலிருந்து இந்நிலையத்துக்குச் சென்றபோது, அந்நாட்டு அறிஞர்கள் தொகுத்தளித்த வழிகாட்டுதல் இந்த அடிப்படையிலேயே அமைந்தது. புறப்பட்ட இடத்தின் 24 மணி நேரக் கணக்கே தொழுகைக்கு அளவுகோல். இயன்றால் கஅபாவை நோக்கலாம். இயலாவிடில் அதற்கு நேர்மேலான வெளியை. அதுவும் இயலாவிடில் பூமியை. எதுவும் கூடாதபோது எத்திசையையும் நோக்கலாம். நிற்க முடியாதவர் இயன்ற நிலையில், தேவைப்பட்டால் கண்ணசைவாலேனும் தொழலாம். நோன்பைப் பூமிக்குத் திரும்பியபின் களாச் செய்யவும் அனுமதியுண்டு. 2023இல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அங்கே தங்கிய அமீரக வீரர் சுல்தான் அல்நெயாதி, பயணிக்குரிய நோன்புச் சலுகையை எடுத்துரைத்தார்.

இக்கேள்வி இனி அடிக்கடி எழும். சீனாவும் 2021 முதல் தியான்கொங் என்னும் தன் நிலையத்துக்கு வீரர்களை அனுப்பி வருகிறது. பாகிஸ்தான் வீரர் ஒருவரை அங்கே அழைத்துச் செல்ல 2025 பிப்ரவரியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

மாணவருக்கு நாம் சொன்ன விடை இதுவே: எண்பது என்பது ஷரீஅத் சுமத்தாத சுமை, ஒன்றுமில்லை என்பது அது தராத விடுதலை. சக்திக்கு மீறி எவரையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. சக்திக்கு உட்பட்டதை விட்டுவிட இசைவதுமில்லை. எடையற்று மிதப்பவர்க்கே கடமை நீங்கவில்லையெனில், பாங்கொலி கேட்கும் தொலைவில், காலூன்றி நிற்கும் நாம் சொல்லும் சாக்குகள் எம்மாத்திரம்?