காம்பு ஜெல்லிமீனுக்கு ஏன் சீட்டு?

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜெல்லிமீன் என்றால் படத்தில் குடைபோல மிதப்பதுதான். காம்பு ஜெல்லிமீன் மிதக்காது. காம்படியில் உள்ள ஒட்டுத்தட்டால் கடற்பாசியையோ பாறையையோ பற்றிக்கொண்டு நிற்கும். மேலே பெரும்பாலும் எட்டுக் கைகள், கை நுனிகளில் கொத்துக்கொத்தாக உணர்விழைகள்.

ஏன் இப்படி? மற்ற பல ஜெல்லிமீன்களில் பாலிப் என்ற ஒட்டி வாழும் பருவம், நீந்தும் குட்டிகளைப் பிரித்து அனுப்பும். இதில் பாலிப்பின் மேற்பாதி அப்படியே முதிர்கிறது, கீழ்ப்பாதி காம்பாகவே தங்கிவிடுகிறது. இதன் இளம்புழுகூட நீந்தாது, ஊர்ந்துதான் போகும்.

பெரும்பாலான இனங்கள் குளிர்கடலில் வாழ்பவை. அதனால்தான் 1944-இல் கடல் உயிரியலாளர் என். கே. பணிக்கர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கிஷினோயா என்ற பேரினம் இந்தியாவிலும் உண்டு என்று எழுதியதை நான் பெரிய செய்தியாக நினைக்கிறேன். 2016-இல் அந்தப் பேரினத்தையே கால்வடோசியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர் இப்படி மாறும்போது, சேகரித்த உடல் புட்டியில் இருந்தால்தான் மறுபடி எடுத்துப் பார்க்க முடியும்.

கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் உடல் சுருங்கும், நிறம் போகும், மரபணு ஆய்வும் சிரமமாகும். மரபணு ஆய்வுக்காகச் சிறு துண்டு ஒன்றை எத்தனாலில் தனியே வைப்பார்கள். இடம், தேதி, ஆழம், ஒட்டியிருந்த பாசி, சேகரித்தவர் பெயர் எல்லாம் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போட வேண்டும். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.