எஸ்பிரெசோக் கோப்பியும் வெப்பநிலை அளவையும்

எஸ்பிரெசோ என்பது, நுண்ணிதாக அரைத்த கோப்பித்தூளினூடே வெந்நீரை உயர்ந்த அமுக்கத்திற் செலுத்திச் சில கணங்களில் வடித்தெடுக்கப்படும் இத்தாலியக் கோப்பியாகும். இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் அதற்கு வகுத்துள்ள இலக்கணம் வருமாறு: கோப்பித்தூள் 7 கிராம், நீரின் அமுக்கம் 9 பார், வடியுங் காலம் 25 செக்கன், பொறியினின்றும் வெளிப்படும் நீரின் வெப்பநிலை செல்சியஸ் அளவையில் 88 பாகை, கோப்பையிற் சேர்ந்த பானத்தின் வெப்பநிலை 67 பாகை. வெளிப்படும் நீர் இரண்டு பாகைக்கு மேற் கூடவோ குறையவோ ஆகாது என்பதும் அவ்விலக்கணத்தின்பாற் படும். பிற நாடுகளில் 96 பாகை வரை செல்வோரும் உளர்.

நீரின் சூடு குறையின் கோப்பி புளித்துச் சாரமற்றுத் தோன்றும். மிகின் கசப்பு மேலோங்கும். இதனை அறியாதார் தூளையும் கொட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பொருளையும் பொழுதையும் இழப்பர். ஆதலின், வீட்டிற் பொறி வைத்திருப்போர் நீரின் வெப்பநிலையை அளந்தறிய விரும்புவது இயல்பே. ஆயின், அவர் முதலில் எழுப்ப வேண்டிய வினா “எத்தனை பாகை?” என்பதன்று, “எவ்விடத்தில், எக்கணத்தில்?” என்பதேயாம்.

இவ்வினா எழுந்த வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. 1884 ஆம் ஆண்டில் தூரின் நகரத்து அஞ்சலோ மொரியொண்டோவும், 1901 இல் மிலான் நகரத்து லூயிஜி பெசெராவும் தத்தம் பொறிகளுக்குக் காப்புரிமை கோரினர். அப்பழைய பொறிகளில் நீரைத் தள்ளும் விசை நீராவியிலிருந்தே பிறந்தது. அமுக்கத்தைக் கூட்ட வேண்டின் வெப்பத்தையுங் கூட்டுதல் வேண்டும். அதனாற் கோப்பி கருகற்சுவை பெற்றது. 1947 இல் அக்கிலே காஜ்ஜா என்பார் நெம்புகோலும் வில்லும் ஆடுதண்டும் கொண்ட பொறியைப் புகுத்தி, அமுக்கத்தை வெப்பத்தினின்றும் பிரித்தார். 1961 இல் வெளிவந்த பாயெமா ஈ61 என்னும் பொறியில் மின்பம்பி அமுக்கத்தை அளித்தது. நீர் வெளிப்படும் தலைப்பகுதியினுள் வெந்நீர் இடையறாது சுற்றிவந்து அதனைச் சூடாக வைத்திருந்தது. இவ்வாறு அமுக்கம் தனியே, வெப்பம் தனியே என்றான பின்னரே, வெப்பநிலையைத் தனித்து ஆளுதல் கைகூடிற்று.

வீட்டுப் பொறிகள் பலவற்றிற் சிறியதொரு கொதிகலமும் அதன் கீழே கனத்த உலோகத் தலையும் உள. கொதிகலத்தின் சூட்டை வெப்பநிலைநிறுத்தியொன்று காக்கும். அது ஓரெல்லையில் மின்சாரத்தை நிறுத்தி, மற்றோரெல்லையில் மீண்டும் விடுவதாகலின், நீரின் வெப்பநிலை எப்போதும் அவ்விரண்டிற்குமிடையே ஏறியிறங்கிக்கொண்டேயிருக்கும். இலத்திரன் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பொறிகளில் இவ்வேற்றத்தாழ்வு குறைவு. எனினும், அக்கருவியின் முகப்பில் ஒளிரும் எண் பெரும்பாலும் கொதிகலத்தைப் பற்றியதேயன்றிக் கோப்பித்தூளைச் சேரும் நீரைப் பற்றியதன்று.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓரெடுத்துக்காட்டால் விளக்கலாம். பித்தளையின் தன்வெப்பம் நீரினதில் ஏறக்குறையப் பதினொன்றிலொரு பங்கு. எனவே 1 கிலோகிராம் நிறையுள்ள பித்தளைத் தலை, வெப்பத்தை ஏற்பதில் 91 கிராம் நீருக்கு ஒப்பாகும். அத்தலை 80 பாகையிலிருக்க, 105 பாகையிலுள்ள 60 கிராம் நீர் அதனோடு முற்றாகச் சமநிலை எய்தின், முடிவான வெப்பநிலை ஏறக்குறைய 90 பாகையாகும். தலை 60 பாகையில் இருந்திருப்பின் 78 பாகையே கிடைக்கும். ஓடும் நீர் முற்றாகச் சமநிலை எய்துவதில்லையெனினும், கொதிகலத்தில் ஒரே சூடுடைய நீர் எத்துணை வேறுபட்டு வெளிப்படக்கூடும் என்பதை இக்கணக்குக் காட்டும். பொறியை இயக்கியவுடன் வடிக்காது, கைபிடியுள்ள வடிகிண்ணத்தையும் பூட்டி அரைமணி நேரம் சூடேறவிடுதல் இதனாலேயே வேண்டப்படுவதாயிற்று.

இனி அளக்கும் முறைகளை நோக்குவாம். வெறுந்தலையினின்றும் விழும் நீரை ரெஜிபோம் கோப்பையில் ஏந்தி வெப்பமானியை இடுதல் எளிய முறை. ஆனால் அதிற் குறைகள் பல. தூளின் தடையின்மையால் நீர் மிக விரைந்து பாயும். அதனாற் குளிர்நீர் கொதிகலத்தினுள் விரைந்து புகும். அன்றியும், அமுக்கத்தின் கீழ் 100 பாகைக்கு மேற்பட்டிருந்த நீர் வெளியே வந்தவுடன் ஒரு பகுதி ஆவியாகி, எஞ்சியதைக் குளிர்விக்கும். ஆகவே கடல்மட்டத்தில் அக்கோப்பை 100 பாகைக்கு மேல் ஒருபோதும் காட்டாது.

இதனினுஞ் சிறந்தது வெப்பவிணை. வேறுபட்ட இரு உலோகக் கம்பிகளின் மூட்டுகள் வெவ்வேறு வெப்பநிலையிலிருப்பின் மின்விளைவு தோன்றும் என்பதை 1821 இல் சீபெக் கண்டார். அவ்வடிப்படையில் அமைந்த மெல்லிய கம்பியின் நுனியைத் தூட்படுக்கையின் மேல் வைத்து வடித்தால், நீர் தூளைத் தொடும் இடத்திலேயே அளவு கிடைக்கும். நுனி மெல்லியதாகலின், 25 செக்கனுக்குள் நிகழும் மாறுதலையும் அது தொடர்ந்து காட்டும். தடித்த முகப்பு வெப்பமானியால் இஃது இயலாது. தூளின்றியே தூளையொத்த தடையை நுண்டுளையால் அளித்து, உள்ளே வெப்பவிணை பொருத்திய ‘ஸ்கேஸ்’ என்னுங் கருவியும் உண்டு.

ஆயினும் கருவியும் சோதிக்கப்படல் வேண்டும். கே வகை வெப்பவிணைக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் வழு 2.2 பாகை, இத்தாலியர் விதித்த எல்லையோ 2 பாகை. அளக்கப்படும் எல்லையினும் அளகோலின் வழு பெரிதாயின் அவ்வளவாற் பயன் யாது? எனவே நுனியை முதலில் உருகும் பனிக்கட்டியிலும் பின்னர் கொதிநீரிலும் இட்டுத் திருத்தங் காணல் வேண்டும். உயரம் 300 மீற்றர் ஏறக் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை குறையும். கொலம்பியாவின் தலைநகராகிய போகொட்டாவில் நீர் 91 பாகையளவிற் கொதிக்கும். இதனைக் கருதாது செய்யுந் திருத்தம் பிழையாகும்.

இங்ஙனம் பலமுறை அளந்து, ஐந்து செக்கனுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டால், கொதிகலம் 104 பாகை காட்டும்போது தூளிற் படும் நீர் 92 பாகை என்றாற்போன்ற தொடர்பு தெளிவாகும். அதன்பின் ஒவ்வொரு நாளும் கம்பி வைத்து அளக்க வேண்டுவதில்லை. முகப்பின் எண்ணே போதும். அளவையியலார் கூற்றில், முகப்பெண் தருவது அனுமானம். தூட்படுக்கையிலிட்ட கம்பி தருவது காட்சி. புகையைக் கண்டு மலையில் நெருப்புண்டென அனுமானிப்பவனுக்கு, அவ்விரண்டையும் அடுக்களையில் ஒருங்கே கண்ட முன்னறிவு வேண்டும். அம்முன்னறிவில்லாதவனுக்கு முகப்பில் ஒளிரும் எண் வெறும் எண்ணே.