பசுவின் உடற்கொழுப்பும் மரபணுக்களும்

பசு சினை பிடிக்கவில்லையெனக் குறைகூறும் குடியானவர்கள் முதலில் அதன் உடற்கொழுப்பைக் கவனித்தல் அவசியம். மெலிந்த பசு பருவத்துக்கு வருவது தாமதப்படும். மிதமிஞ்சிக் கொழுத்தது ஈன்றபின் நோய்ப்படக்கூடும். ஒரு பருவம் தவறினால் சுமார் 21 நாள் தீனி வீணாகும்.

தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்களே உடல் வளர்ச்சிக்குக் கட்டளையிடுவன. பி.பி.ஏ.ஆர். காமா என்னும் மரபணு தூண்டப்பட்டால், சில இளம் உயிரணுக்கள் கொழுப்பணுக்களாக மாறுகின்றன. இதனை 1994-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் விளக்கினர். அதே ஆண்டில் நியூயார்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் வேறொரு மரபணுவைக் கண்டறிந்தனர். அதன் கட்டளைப்படி கொழுப்பணுக்களில் உண்டாகும் லெப்டின் என்னும் பொருள், இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, கொழுப்புச் சேமிப்பின் அளவை அறிவிக்கிறது. சேமிப்புக் குன்றினால் லெப்டினும் குன்றும். மூளை சினைப்பருவத்தைத் தள்ளிவைக்கும். குதிரில் தானியம் குறைந்தால் கலியாணத்தைத் தள்ளிப்போடும் குடும்பத்தைப் போன்றதே இது.

இனத்துக்கினம் இதில் வேற்றுமையுண்டு. கறவைக்கென்றே தலைமுறைதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனங்களின் கலப்புப் பசு, ஈன்றவுடன் தன் கொழுப்பையும் உருக்கிப் பாலாக்கும். காங்கயம் பசு கறப்பது குறைவாதலின் அவ்வளவு உருகுவதில்லை; கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல் மேய்ந்தே உடல் தேறும். ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவில் தீனி வைத்தல் தகாது.

திருமுருகன்பூண்டி, அவிநாசி வட்டாரத்தில் பசு வைத்திருப்போர் கீழ்க்கண்ட சோதனையைச் செய்து பார்க்கலாம். விலாப்புறத்தைக் கையால் இலேசாக அழுத்துக. எலும்பு தட்டுப்பட்டால் நிலை சரியானது. அழுத்தாமலே விலாவெலும்புகள் பலவும் கண்ணுக்குத் தெரிந்தால் மெலிவு. நன்கு அழுத்தியும் அகப்படாவிடில் மிகைக்கொழுப்பு.

கறவை வற்றுமுன்னரே இச்சோதனையைச் செய்க. மெலிந்ததற்குப் பசுந்தீவனத்துடன் தானியமும் பிண்ணாக்கும் கூட்டுக. கொழுத்ததற்குத் தானியத்தைக் குறைக்க. ஈனுந் தறுவாயில் பட்டினி போடுதல் கூடவே கூடாது. கொழுப்பு ஒருமிக்க உருகி ஈரலில் தங்கிவிடும். உடல் சரியாயிருந்தும் பருவத்துக்கு வராத பசுவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. வேறு காரணங்களும் உண்டு.

பிறந்த பசுவின் மரபணுவை மாற்றவியலாது, தீனியை மாற்றவியலும். சினை பிடிக்காத பசுவைச் சந்தைக்கு ஓட்டுமுன் இச்சோதனையைச் செய்யும்படி, கிராம அதிகாரிகள் தத்தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.