கல் திரும்பத் திரும்ப வந்தால் கழுத்தையும் பார்க்கணும்

மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயில் பேச்சு வந்தாலே எங்கள் பக்கம் திருமலை நாயக்கர் கதையும் கூடவே வந்துவிடும். தீராத வயிற்றுவலியோடு வந்தவருக்கு இங்கேதான் குணமானது என்பார்கள். மன்னருக்கு என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு வயிற்றுவலி, கல்லடைப்பு, எலும்பு வலி என்று அலைகிறவர்களில் சிலருக்கு நோயின் வேர் கழுத்தில் இருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் அதைப் பிடித்துவிடலாம். அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நான் மருத்துவர் இல்லை. படித்ததைத் தொகுத்து எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கல் என்றால் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வோம். வாழைத்தண்டுச் சாறு குடிப்போம். கேட்கவில்லை என்றால் கல்லை உடைத்து எடுப்போம். வெயிலும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் பெரிய காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எடுத்த பிறகும் கல் வந்துகொண்டே இருந்தால், ‘ஏன் வருது?’ என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. பெயர் ஒத்திருந்தாலும் தைராய்டு வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகம் இதை முதலில் பார்த்ததே ஓர் இந்தியக் காண்டாமிருகத்தில்தான்! லண்டன் விலங்குக்காட்சி சாலையில் 1849இல் இறந்த விலங்கை ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது. மனித உடலில் இதை விவரித்தவர் ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், 1880இல்.

இதன் வேலை, கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்கிற ஆளின் வேலை மாதிரி. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பி.டி.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துவிடும். போதும் என்றால் மடையை அடைத்துவிடும். நான்கில் ஒன்று கட்டியாகி, சொல்பேச்சு கேட்காமல் சுரந்தால்? எலும்பு கரையும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். மிஞ்சியது சிறுநீரில் போய்க் கல்லாகும். சோர்வு, மலச்சிக்கல், மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் என்று மற்றதும் சேரும். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் சீரம் கால்சியம். பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை சரி (ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும்). கூடவே அல்புமின் பார்க்கணும். அது 4க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிக்கொள்வார்கள். அதாவது கால்சியம் 10.0, அல்புமின் 3 என்றால் உண்மைக் கணக்கு 10.8.

கால்சியம் கூடுதல் என்றால் அடுத்தது பி.டி.ஹெச். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பி.டி.ஹெச். நார்மல், பிரச்சினை இல்லை’ என்று விட்டுவிடுவது தப்பு. வயல் நிரம்பிக் கிடக்கும்போது மடை அடைபட்டிருக்கணும். பாதி திறந்திருந்தாலும் கோளாறுதான். கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.ஹெச். நன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

வைட்டமின் டி அளவும் அவசியம். அது குறைந்தாலே பி.டி.ஹெச். ஏறும், அந்தக் குறைபாடு கால்சியம் உயர்வை மறைத்தும் காட்டும். வெயில் காயும் நம்மூரிலும் இந்தக் குறைபாடு சகஜம். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்ப்பது இன்னொரு காரணத்துக்காக. பரம்பரையாக வரும் ஒரு நிலையில் ரத்தத்தில் கால்சியம் கூடுதலாகவும் சிறுநீரில் குறைவாகவும் இருக்கும். அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை. லித்தியம், தயசைடு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடணும்.

அல்ட்ராசவுண்ட், செஸ்டமிபி ஸ்கேன் எல்லாம் நோயை முடிவு செய்ய அல்ல. கட்டி எங்கே என்று பார்க்க. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெலுக்கு ஆறு அறுவை சிகிச்சைகளில் கிடைக்காத கட்டி, 1932இல் ஏழாவதில் நெஞ்சுக்குள் கிடைத்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது. சில வாரங்களில் இறந்துபோனார்.

நிரந்தரத் தீர்வு அறுவை சிகிச்சைதான். கல், எலும்பு முறிவு, எலும்புத் தேய்மானம், சிறுநீரகப் பாதிப்பு, 50க்குக் குறைந்த வயது, கால்சியம் உச்ச வரம்பைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடுதல் – இவற்றில் ஒன்று இருந்தாலே செய்யச் சொல்வார்கள். அனுபவமுள்ள கைகளில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கை முக்கியம். ‘வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க?’ என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே எண்டோகிரைன் சர்ஜரி துறை இருக்கிறது. செய்தபின் பசித்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும்; உதடு, விரல் மரத்தால் உடனே சொல்லணும். அறுவை சிகிச்சை முடியாதவர்களுக்கு, கால்சியத்தைக் குறைக்க சினகால்செட்டும் எலும்பைக் காக்க வேறு மருந்துகளும் உண்டு. கட்டி மட்டும் அப்படியே இருக்கும்.

பயந்துபோய்ப் பால், மோரை நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் சுரப்பி இன்னும் வேகமெடுக்கும். வீட்டில் யாருக்காவது இரண்டாம் முறை கல் வந்திருந்தால் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். கால்சியம் என்ற வரி அதில் இருக்கிறதா? இல்லை என்றால், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது மருத்துவரிடம் கேட்டு அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.