மாடிப்படி கற்பித்த பாடம்

உடற்பயிற்சி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுபவர் யார்? புடைத்த தோளும் விரிந்த மார்பும் கொண்ட மல்லர்தாம். 'படிக்க வந்த நமக்கு அந்த வம்பு எதற்கு?' என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். நானும் அப்படி ஒதுங்கியிருந்தவனே. போதாக்குறைக்கு, என் மெலிந்த உடம்பையே நலத்தின் அடையாளமாக எண்ணிப் பெருமையும் கொண்டிருந்தேன்.

டில்லிக்கு வந்த முதல் நாளே அந்தப் பெருமை குலைந்தது. விடுதியில் எனக்குக் கிடைத்த அறை நான்காம் மாடியில். அறுபதை நெருங்கிய காவற்காரர் ஒருவர் என் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னே ஏறினார். வெறுங்கையோடு பின்சென்ற நான் மூன்றாம் மாடியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "மெதுவாக வா, பேட்டா" என்றார். பரிவோடு சொன்ன சொல்தான். ஆயினும் சுருக்கென்று தைத்தது.

அவரிடம் இருந்து என்னிடம் இல்லாதது எது? 1953-ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. இலண்டன் இரண்டடுக்குப் பேருந்துகளில், உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநரைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதய நோய் குறைவாக இருந்தது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதைப் பின்வந்த பல ஆய்வுகளும் உறுதி செய்தன. இது நமக்கு அயலார் கதையன்று. தெற்காசிய மக்களை மாரடைப்பு பிறரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே தாக்குகிறது. காக்கும் பழக்கத்தைத் தொடங்க வேண்டிய வயது நம் வயதுதான்.

உடல் தகுதிக்குத் தாங்குதிறன், வலிமை, நெகிழ்வு என மூன்று தூண்கள் உண்டு.

தாங்குதிறன் இதயத்தையும் நுரையீரலையும் சார்ந்தது. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும். எனவே ஓய்வில் அது குறைவாகத் துடித்தாலே போதும். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் நாடி பார்த்து, அரை நிமிட எண்ணிக்கையை இரட்டித்துக் குறித்துவையுங்கள். 60 முதல் 100 வரை இயல்பு. தொடக்கத்தில் என் கணக்கு 84. மூன்று மாதம் கழித்து 74.

இதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

வலிமைக்கு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும். நம் ஊர்த் தண்டாலும் பஸ்கியுமே போதும். இங்குள்ள மல்லர் கூடங்களில் அவற்றுக்குத் தண்டு, பைட்டக் என்று பெயர். தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் முதலில் சுவரில் கையூன்றிச் செய்யலாம். நெகிழ்வுக்கு, பயிற்சி முடிந்து உடல் சூடாக இருக்கும்போது கைகால்களை நிதானமாக நீட்டி மடக்குங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டினால்தான் உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம் ஓய்விலும் உறக்கத்திலுமே நடைபெறுகிறது. முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிய என் அறை நண்பர் மறுவாரம் முழுதும் நொண்டினார். பிறகு ஓட்டத்தையே விட்டுவிட்டார். மார்பு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுங்கள். குளிர்காலத்தில் டில்லிக் காற்று நஞ்சாகும் நாட்களில் வெளியே ஓடாமல் அறைக்குள்ளேயே பயிலுங்கள்.

சென்ற வாரம் புதிய மாணவர் ஒருவரின் பெட்டியைத் தூக்க அதே காவற்காரர் குனிந்தார். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் நான்காம் மாடிவரை நிற்காமல் ஏறினோம். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்பர்களே! நாளைக் காலை ஆறு மணிக்கு விடுதி வாயிலில் நிற்பேன். வருவீர்களா?