நாபோத்துக்கு யார் பதில் சொல்வது?

விசுவாசத்தின் வேர்கள் – 9

சென்ற வாரம் ஊதாரி மகனின் உவமையைப் பார்த்தோம். சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வெறுங்கையோடு வந்தவனை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தகப்பனிடம்தான் கிறிஸ்தவர்கள் கடவுளின் முகத்தைக் காண்கிறார்கள். ஆனால் அதே கடவுள் உயிரோடிருப்பவர்களையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்ப்பார் என்றும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். இவ்வளவு அன்பானவர் எதற்காகத் தீர்ப்பு சொல்ல வேண்டும்? அந்த உவமையைப் படித்த எவருக்கும் எழக்கூடிய நியாயமான கேள்வி இது.

இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் இதற்குக் கறாராக விடை சொன்னார். கருங்கடல் கரையிலிருந்த சினோப் துறைமுகத்தைச் சேர்ந்த மார்சியோன் அவர். கப்பல் முதலாளி. ரோமாபுரிக்கு வந்து அங்கிருந்த சபையில் சேர்ந்தபோது 2 லட்சம் செஸ்டர்ஸ் காணிக்கை கொடுத்தவர். பழைய ஏற்பாட்டில் பேசும் கடவுள் ஒருவர், இயேசு காட்டிய தகப்பன் வேறொருவர் என்று அவர் போதித்தார். முன்னவருக்கு நீதியும் தண்டனையும். பின்னவருக்கு அன்பு மட்டுமே. பழைய ஏற்பாட்டை அடியோடு தள்ளினார். லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் 10 நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். அவற்றிலும் ஒத்துவராத பகுதிகளை வெட்டினார். 144ஆம் ஆண்டு ரோம சபை அவரை விலக்கியது. வாங்கிய காணிக்கையையும் முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அன்பை மட்டுமே பேசிய ஒருவரை, அதுவும் அவ்வளவு பணம் கொடுத்தவரை, சபை ஏன் அனுப்பி வைத்தது? இதைப் புரிந்துகொள்ள, மார்சியோன் தள்ளிவைத்த பக்கங்களுக்குள்ளேயே போக வேண்டும். முதலாம் இராஜாக்கள் புத்தகம், 21ஆம் அதிகாரம்.

யெஸ்ரயேல் ஊரில் ஆகாப் ராஜாவின் அரண்மனையை ஒட்டி நாபோத் என்பவனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைக் கீரைத் தோட்டமாக்கிக்கொள்ள ராஜாவுக்கு ஆசை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணமாகவே தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். பிதாக்கள் வழியாக வந்த நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நாபோத் சொல்லிவிட்டான். நிலம் கர்த்தருடையது, அதை அறுதியாக விற்கக்கூடாது என்பது இஸ்ரவேலின் சட்டம். ஆகாபோ சாதாரண ராஜா அல்ல. கி.மு. 853இல் கர்கார் என்ற இடத்தில் அசீரியரை எதிர்த்த கூட்டணிக்கு 2,000 ரதங்களையும் 10,000 வீரர்களையும் கொண்டுவந்தவன் என்று எதிரியின் கல்வெட்டே சொல்கிறது. அந்தக் கல் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தனை படை வைத்திருந்தவன் ஒரு தோட்டம் கிடைக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான்.

மற்றதை ராணி யேசபேல் பார்த்துக்கொண்டாள். ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, ஊர் மூப்பர்களுக்கு அனுப்பினாள். உபவாசம் கூறுங்கள், நாபோத்தைச் சபையின் முன்னே உட்கார வையுங்கள், தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள் என்று அதில் இருந்தது. மூப்பர்கள் அப்படியே செய்தார்கள். நாபோத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. விசாரணை உண்டு, சாட்சி உண்டு, தீர்ப்பும் உண்டு. ஆகாப் எழுந்து தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போனான். அங்கே எலியா தீர்க்கதரிசி வந்து நின்றார். கொலையும் செய்து, சொத்தையும் எடுத்துக்கொண்டாயோ என்று கடவுளின் பெயரால் அவனிடம் கேட்டார்.

எலியா வராத நாட்டை நினைத்துப் பாருங்கள். மூப்பர்கள் விலைபோய்விட்டார்கள், நீதிமன்றம் ராஜாவின் கையில் இருக்கிறது. இனி நாபோத்துக்காகப் பேச யாருமில்லை. அங்கே கடவுளும் ஆகாபிடம் ஒன்றும் கேட்காமல் அன்பாகவே இருந்துவிட்டால், அந்த அன்பால் நாபோத்துக்கு என்ன பயன்? கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன், மார்சியோனுக்கு எதிராக 5 புத்தகங்கள் எழுதியபோது இங்கேதான் கைவைத்தார். தீமையைச் செய்யாதே என்று சொல்லிவிட்டு, செய்தால் கோபப்படாத கடவுள் சொன்னதற்கு என்ன பொருள் என்று கேட்டார். நேசிப்பவருக்குத்தான், நேசிக்கப்பட்டவனை மிதிக்கும்போது கோபம் வரும். நாபோத்தைக் கடவுள் நேசித்தார் என்பதற்கு ஆகாபின் மேல் வந்த தீர்ப்பே சாட்சி.

அந்த அதிகாரம் தீர்ப்போடு முடியவும் இல்லை. எலியாவின் வார்த்தையைக் கேட்ட ஆகாப் உடையைக் கிழித்து, இரட்டு உடுத்தி, உபவாசம் இருந்தான். அவன் தன்னைத் தாழ்த்தினதைக் கர்த்தர் கவனித்தார். அவன் வீட்டின்மேல் சொன்ன பொல்லாப்பை அவன் நாட்களில் வரப்பண்ணாமல் தள்ளிவைத்தார். யேசபேலின் கணவனுக்குக்கூட ஒரு வாசல் திறந்திருந்தது. குற்றத்தை முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தைதான் அந்த வாசலைத் திறந்தது.

தீர்ப்பு என்ற சொல்லை வைத்து ஏழைகளையும் நோயாளிகளையும் மிரட்டுபவர்கள் உண்டு. விபத்தில் செத்தவனைப் பார்த்து, அவன் பாவத்தின் சம்பளம் என்பார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என இயேசு மறுத்துவிட்டார். மத்தேயு 25இல் அவர் விவரிக்கும் கடைசித் தீர்ப்பில் கேட்கப்படுவது பசித்தவன், அந்நியன், வியாதிக்காரன், சிறையிலிருப்பவன் ஆகியோரைப் பற்றித்தான். அவர்களுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக எண்ணி நியாயாதிபதி பேசுகிறார்.

அப்படிப் பேசியவர் சில நாட்களில் அதை உடலிலும் ஏற்றார். அவருக்கு எதிராகவும் பொய்ச்சாட்சி தேடினார்கள். இரண்டு பேர் முன்வந்தார்கள். காய்பா முன்னால் தேவதூஷணம், பிலாத்து முன்னால் ராஜத்துரோகம். கடைசியில் நகரத்துக்கு வெளியே சிலுவை. நாபோத்துக்கு நடந்த ஒவ்வொன்றும் இயேசுவுக்கு நடந்தது. நியாயந்தீர்க்க வேண்டியவர் அநியாயமாகத் தீர்க்கப்பட்டவனின் இடத்தில் நின்றார். நாபோத்துக்கு இழைத்ததை மன்னிக்க ஆகாபின் நண்பர்களுக்கு உரிமை இல்லை. அடிபட்டவன்தான் மன்னிக்க முடியும். சிலுவையில் அடிபட்டவராக நின்று கடவுள் மன்னிக்கிறார் என்பதே கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம். அங்கே பாவம் பாவமென்றே தீர்க்கப்படுகிறது. பாவிக்கும் இடம் கிடைக்கிறது.

ஆகவே மன்னிப்பைக் கேட்பவன் நாபோத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆகாப் இரட்டு உடுத்தினான். தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. எரிகோவில் வரி வசூலித்த சகேயுவோ, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுக்கிறேன் என்றான். இயேசு அந்த வீட்டில்தான் இன்று இரட்சிப்பு வந்தது என்றார். கடவுளின் அன்பைப் பாடுகிற நாம், கூலியைப் பிடித்துவைத்திருந்தால் கூலியைக் கொடுப்போம். வேலியைத் தள்ளிப் போட்டிருந்தால் பழைய இடத்துக்கே நகர்த்துவோம். தீர்ப்பின் நாளைப் பயமின்றி எதிர்பார்க்க வேறு வழியை வேதம் நமக்குக் காட்டவில்லை.

(தொடரும்)