பழைய கமராவில் இலக்கமுறைப் படம்

கல்கத்தாவிற் பிறந்து இங்கிலாந்திற் புகழீட்டிய நிழற்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879ஆம் ஆண்டு மலையகத்திலே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம்பெற்றார். அவர் கையாண்டது ஈரக் கண்ணாடித் தகடு. பின்னர் வந்த படச்சுருட் கமராக்கள் தோட்டத்து வீடுகளிற் சில இன்றும் அலுமாரிகளில் உறங்குகின்றன. வில்லையிற் பூஞ்சணம் படரச் செய்யும் நுவரெலியா ஈரமொன்றே அவற்றைத் தேடிவரும் விருந்தாளி!

இவற்றைச் சுருளின்றி இயக்கலாமோ எனின், இயலும் என்க. 1991இல் கொடாக் நிறுவனத்தார் நைக்கன் எப்.3 கமராவின் பின்புறத்தே ஒளியுணரியைப் பொருத்தி விற்றனர். அது 13 இலட்சம் புள்ளிகள் கொண்டது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளிற் சுமக்கவேண்டியிருந்தது.

இன்று 2020இல் வெளிவந்த றாஸ்பெரி பை உணரி மாணவர்க்கும் எட்டக்கூடியது. 1 கோடி 23 இலட்சம் புள்ளிகள் உடையது. ஆயினும் இடர் அளவிலே உள்ளது. சுருளின் படச்சட்டம் 36 × 24 மில்லிமீற்றர். இவ்வுணரியோ ஏறத்தாழ 6.3 × 4.7 மில்லிமீற்றரே. பரப்பில் இது 29இல் ஒரு பங்கு. சுருளிருந்த தளத்தில் இதனை வைத்தால் 50 மில்லிமீற்றர் வில்லை 275 மில்லிமீற்றர் தொலைவில்லை போலாகிவிடும். கொழுந்து பறிப்போரின் நிரை முழுவதையும் குறிவைத்தவனுக்கு ஒருத்தியின் கூடை மாத்திரமே கிட்டும்.

இதற்கொரு வழியுண்டு. சுருளின் தளத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்து, அதில் விழும் முழு விம்பத்தையும் பின்னிருந்து சிறுவில்லை பூண்ட உணரியாற் படம்பிடித்தலே அது. ஒளி குறையும், ஓரங்கள் இருளும், பின்புறம் பெட்டிபோல் நீளும். மூடுதிரையை 'பீ' நிலையில் திறந்து பூட்டிவிட்டால், நேரக் கணிப்பை உணரியே பார்த்துக்கொள்ளும்.

எம் மாணவர் இவ்வாறு மாற்ற முனைந்த கமரா, ஒரு கணக்கப்பிள்ளையுடையது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியா சென்ற தம் தமையன் குடும்பத்தை அவர் இறுதியாகப் படம்பிடித்தது அதனாலேயாம். உணரியைச் செருகுவதற்கு உட்சட்டத்தை அரத்தால் அராவலாம் என்றான் ஒரு மாணவன். அஃது எளிதே, ஆனால் அராவிய உலோகம் மீளாது, சுருளும் பின்னர் அதிற் சரியாகப் படியாது. யான் மறுத்தேன். அக்கமராவின் பின்மூடி முழுதாகக் கழலும் வகையினது. ஆதலால் அதனை மட்டும் கழற்றி, மெல்லிய பலகையால் வேறொரு மூடி செய்து அதிலே கண்ணாடியையும் உணரியையும் அமைத்தோம். கழற்றிய மூடியைத் துணியிற் சுற்றிக் கணக்கப்பிள்ளையின் மகனிடமே கொடுத்தோம். அவர் அதனை அந்தக் குடும்பப் படத்தோடு வைத்திருக்கிறார்.